தேம்ஸ் கரையில் ஒரு நேர்ச்சைக் கோவில்

சர்பிட்டன் என்னும் ஊரின் பெயரை நம் நாட்டில் கேள்வியுற்றோர் அதிகம் இருக்கமாட்டார்கள். இலண்டன் மாநகரின் தென்மேற்கே, வாட்டர்லூ நிலையத்திலிருந்து ஏறத்தாழ 12 மைல் தொலைவில், தேம்ஸ் நதியை ஒட்டி அமைந்த புறநகர் அது. என் மகளும் மருமகனும் அங்கே குடியிருக்கின்றனர். மகள் மருத்துவமனையில் செவிலி. மருமகனுக்கு இலண்டன் நகருக்குள் அலுவலகம். பேரனுடைய புதுநன்மைக்கு வரவேண்டுமென்று அழைத்தார்கள். போனவன் ஐந்து மாதம் தங்கிவிட்டேன்.

புதுநன்மைக்குச் சென்றேன் என்பது உண்மை. முழு உண்மை அன்று. "சம்பாதித்தது போதும், ஊருக்குத் திரும்புங்கள்" என்று நேரில் சொல்லி, அவர்களிடம் ஒரு நாள் குறித்துவரவேண்டும் என்பதே என் எண்ணம். பொன்மலையில் நான் கட்டிய வீட்டின் மாடியை அவர்களுக்கென்றே எடுத்தேன். என் மனைவி ஆண்டவரில் துயில் கொண்டபின் அந்த மாடி பூட்டியே கிடந்தது. மாதம் ஒருமுறை திறந்து பெருக்கி மீண்டும் பூட்டுவேன்.

நான் தென்னக இரயில்வேயில் 36 ஆண்டுகள் பணியாற்றியவன். அவற்றுள் பெரும்பகுதி நிலைய அதிபர் வேலை. அத்தகையவன் எந்த ஊருக்குப் போனாலும் அவன் கால்கள் முதலில் இரயில் நிலையத்தைத்தான் தேடும். சர்பிட்டன் சென்ற மூன்றாம் நாளே மருமகனுடன் காலையில் நிலையத்துக்கு நடக்கத் தொடங்கினேன். அவர் வண்டி ஏறிப் போவார். நான் வாசலிலும் பாலத்தின் மீதும் நின்று வேடிக்கை பார்த்துத் திரும்புவேன். "மாமா, குளிர் அடிக்கிறது, வீட்டுக்குப் போங்கள்" என்று அவர் நாள்தோறும் சொல்வார். நானும் நாள்தோறும் தலையாட்டுவேன்.

அந்நிலையம் பார்க்கத்தக்கது. வெண்ணிறக் கான்கிரீட் கட்டடம். உயரமான கண்ணாடிச் சாளரங்கள். ஒரு பக்கம் கடிகாரக் கோபுரம். 1937ஆம் ஆண்டு ஜேம்ஸ் ராப் ஸ்காட் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி எழுப்பியது. அதை எழுப்பிய கம்பெனியின் பெயரும் 'சதர்ன் ரயில்வே' என்றறிந்தபோது, ஏதோ சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிற்பதுபோல இருந்தது. அவர்களுடைய சதர்ன் ரயில்வே 1923 முதல் 1947 முடிய இருந்தது. நம்முடையது 1951இல் பிறந்தது. அங்கே தலைக்கு மேல் மின்கம்பி கிடையாது. தண்டவாளங்களின் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு தண்டவாளம் ஓடுகிறது. மின்சாரம் அதில் வருகிறது. இவ்வழியில் மின்வண்டி ஓடத் தொடங்கியது 1916இல். நம் சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்வண்டிக்கு அது 15 ஆண்டு மூத்தது. விரைவு வண்டி ஏறினால் ஏறத்தாழ இருபது நிமிடத்தில் வாட்டர்லூ.

இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய நிலையம் ஏன் என்ற கேள்வி எனக்கு எழுந்தது. இரயில்வேக்காரனுக்கு எழவேண்டிய கேள்விதான். விடை, பக்கத்து ஊரில் இருக்கிறது. சர்பிட்டனுக்கு வடக்கே ஒரு மைல் தொலைவில் கிங்ஸ்டன் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. ஆங்கிலேயருடைய பழைய சாக்சன் மன்னர்களுள் ஆதல்ஸ்தன் 925இல் முடிசூடிய இடம். ஆற்றின்மேல் பாலம், சந்தை, போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலை எல்லாம் உடைய ஊர். அச்சாலையில் நாளெல்லாம் குதிரைக் கோச்சுகள் ஓடின. கோச்சுகளை நம்பிச் சத்திரங்கள், இலாயங்கள், கொல்லர்கள், தீவன வியாபாரிகள் என்று ஊரே வாழ்ந்தது. 1834இல் இலண்டன் – சவுதாம்டன் இரயில் பாதைக்குப் பாராளுமன்றம் அனுமதியளித்தது. கிங்ஸ்டன் நகரத்தாரோ இரயில் தங்கள் ஊர்ப்பக்கம் வருவதை விரும்பவில்லை. விம்பிள்டன் பக்கத்தில் நிலம் வைத்திருந்த காட்டன்ஹாம் பிரபுவும் தம் பங்குக்கு எதிர்த்தார் என்பர். ஆக, பாதை கிங்ஸ்டனை விட்டு விலகித் தெற்கே வயல்வெளியில், சர்பிட்டன் மேட்டை வெட்டிச் சென்றது. 1838 மே 21ஆம் நாள் நைன் எல்ம்ஸ் முதல் வோக்கிங் வரை வண்டி ஓடிற்று. வயற்காட்டில் ஒரு நிலையம். பெயர் மட்டும் 'கிங்ஸ்டன்'!

வண்டி ஓடத் தொடங்கிய ஒன்பதாம் நாள் நடந்ததைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எப்சம் என்னும் ஊரில் ஆண்டுதோறும் நடக்கும் டெர்பி குதிரைப் பந்தயத்துக்கு, 'கிங்ஸ்டன்' வரை எட்டு வண்டிகள் விடுவதாகக் கம்பெனியார் விளம்பரம் செய்தனர். அங்கே இறங்கினால் பந்தயத் திடல் ஐந்தாறு மைல்தான். காலையிலேயே நைன் எல்ம்ஸ் நிலையத்தில் ஐயாயிரம் பேர் கூடிவிட்டார்கள்! கதவைப் பெயர்த்துக்கொண்டு கூட்டம் உள்ளே பாய்ந்தது, போலீசு வரவழைக்கப்பட்டது, வண்டிகள் நிறுத்தப்பட்டன. இளவயதில் நாகப்பட்டினம் நிலையத்தில் வேளாங்கண்ணித் திருவிழாப் பணி பார்த்தவன் நான். வேளாங்கண்ணிக்கே இரயில் போகாத காலம் அது. மாதாவின் பிறப்பு விழா முடிந்த இரவில், டிக்கெட்டுச் சன்னலின் கம்பி வளையுமளவு கூட்டம் நெருக்கும். ஆகவே நைன் எல்ம்ஸ் அதிபரின் அன்றைய பாட்டை நான் அறிவேன். நம் கூட்டத்தில் செபமாலையாவது இருந்தது.

வயலின் நடுவே நிலையம் வந்தவுடன், கிங்ஸ்டனைச் சேர்ந்த தாமஸ் பூலி என்பவர் பக்கத்துப் பண்ணை நிலத்தை வாங்கித் தெருக்கள் போட்டு வீடுகள் கட்டலானார். ஊருக்குப் 'புதுக் கிங்ஸ்டன்' என்று பெயரிட்டார்கள். சிலர் கேலியாக 'இரயிலோரக் கிங்ஸ்டன்' என்றார்கள். பூலியின் கை விரைவிலேயே நொடித்தது; கடன் கொடுத்த வங்கியார் வேலையை ஏற்றுக்கொண்டனர். ஊர் மட்டும் வளர்ந்தது. இலண்டனில் தொழில் செய்வோர் இங்கே வீடு கட்டி, காலையில் வண்டியேறி மாலையில் திரும்பும் வழக்கம் இதுபோன்ற ஊர்களில்தான் வேரூன்றியது. 1867 முதல் நிலையத்துக்கும் 'சர்பிட்டன்' என்றே பெயர். போர்ட்ஸ்மத் சாலையின் கோச்சுகளோ சில ஆண்டுகளிலேயே மறைந்தன. கிங்ஸ்டனுக்குத் தனி நிலையம் கிடைத்தது 1863இல், அதுவும் கிளைப்பாதையில். இன்றும் இலண்டனுக்கு விரைந்து செல்ல நினைக்கும் கிங்ஸ்டன்காரர் பஸ் பிடித்துச் சர்பிட்டன் வந்தே வண்டி ஏறுகிறார். அதன்பின் 1906இல் டிராம் வந்தது. 1931இல் டிராலி பஸ் வந்தது. 1962 மே 8ஆம் நாள் இலண்டனின் கடைசி டிராலி பஸ் இந்தக் கிங்ஸ்டன் வட்டாரத்தில்தான் ஓடி நின்றது. மோட்டார்களுக்கெனப் புறவழிச்சாலை 1927இல் திறந்தார்கள். அச்சாலையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, இரைச்சல்.

முதல் ஞாயிறன்று திருப்பலிக்குப் புறப்பட்டோம். நிலையத்தின் பக்கமிருந்து ஆற்றை நோக்கி இறங்கி, போர்ட்ஸ்மத் சாலையை அடைந்தால், நதிக்கு எதிரே ஒரு கோவில். இங்கிலாந்தில் நான் கண்ட கூரிய கோபுரக் கோவில்களைப்போல் அது இல்லை. இத்தாலிய நாட்டுச் சாயலில், நடுவே சதுரக் கோபுரமும் இருமருங்கும் வீடுபோன்ற கட்டடங்களுமாக இருந்தது. அதிதூதர் புனித இரபேல் ஆலயம் என்றார்கள். உள்ளே ஐரிஷ்காரர், கேரளத்தார், கோவாக்காரர், பிலிப்பைன்ஸ் நாட்டார், யாழ்ப்பாணத் தமிழர் எனப் பலரும் முழந்தாளிட்டிருந்தனர்.

பூசை முடிந்து வெளியே வருகையில் ஒரு மூதாட்டியார் என் மகளிடம் பேச்சுக் கொடுத்தார். அவர் முதலில் பெருமையாகச் சொன்னது, பிரான்சு அரச குடும்பத்து இளவரசி எலேனுக்கும் இத்தாலியின் அவுஸ்தா கோமகனுக்கும் 1895இல் இக்கோவிலில் திருமணம் நடந்ததை. பிறகு என்னை நோக்கி, "தாங்கள் எந்த ஊர்?" என்றார். திருச்சியைச் சொன்னால் தெரியாதென்று "மெட்ராஸ்" என்றேன். "எங்கள் கோவிலைக் கட்டியவரும் மெட்ராஸ்தானே!" என்றார்.

நான் நம்பவில்லை. விசாரித்துப் படித்தபின் நம்பினேன். அவர் பெயர் அலெக்சாண்டர் ரபேல். 1775ஐ ஒட்டிச் சென்னையில் பிறந்தவர், பாரசீகத்திலிருந்து வந்து குடியேறிய ஆர்மேனிய வணிகக் குடும்பம், கத்தோலிக்கர். சென்னையின் ஆர்மேனியர்களை நாம் மறந்துவிட்டோம். ஆர்மேனியன் தெரு என்னும் பெயர் இருக்கிறது. பரங்கிமலைப் புனித தோமையார் ஆலயத்துக்குப் படி கட்டியவரும், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டியவரும் பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனியரே. நம் தாத்தா பாட்டிமார் முழங்கால் வலிக்க வலிக்க ஏறிய படிகள் அவை. ரபேல் குடும்பத்தாரின் செல்வம் வெனிஸ் நகரில் ஆர்மேனியப் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி ஏற்படவும் உதவியது.

அலெக்சாண்டர் ரபேல் இங்கிலாந்து சேர்ந்து பெருஞ்செல்வரானார். 1829 வரை அந்நாட்டில் கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர முடியாது. அத்தடை நீங்கிய ஐந்தாம் ஆண்டில், 1834இல், இவர் இலண்டன் நகரத்து ஷெரீப் ஆனார். மதப் பிரிவினைக்குப் பின் அப்பதவியேற்ற முதல் கத்தோலிக்கர் இவரே. அடுத்த ஆண்டு அயர்லாந்தின் கார்லோ தொகுதியில் ஓகானெல் தலைவரின் ஆதரவோடு நின்று வென்றார். அவ்வெற்றி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. தேர்தலுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அவருக்கும் ஓகானெலுக்கும் பத்திரிகைகளில் பெரும் சச்சரவு மூண்டு, பாராளுமன்றக் குழு விசாரிக்கும்வரை சென்றது. அவரைப் புனிதராக்கிக் காட்ட எனக்கு எண்ணமில்லை. பணம், பதவி, வழக்கு எல்லாம் கண்ட மனிதர். 1847இல் செயின்ட் ஆல்பன்ஸ் தொகுதியின் உறுப்பினராகி மறையும்வரை அப்பதவியில் இருந்தார்.

அவருக்குச் சர்பிட்டனில் மாளிகை இருந்தது. கடும் நோயுற்ற காலத்தில், பிழைத்தால் கோவில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். சார்லஸ் பார்க்கர் என்னும் கலைஞரைக்கொண்டு 1846இல் தொடங்கி 1848இல் முடித்தார். நோய் நீக்கும் தூதரும், தம் குடும்பப் பெயருக்கு உரியவருமான இரபேலையே பாதுகாவலராக வைத்தார். 1850ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் இங்கிலாந்தில் மறைமாவட்டங்களை மீண்டும் நிறுவினார். அதே ஆண்டு நவம்பரில் ரபேல் காலமானார். அக்கோவிலின் நிலவறையில் அடக்கமாகியிருக்கிறார்.

நேர்ச்சைக் கோவில் எனக்குப் புதிதன்று. என் தாத்தாவின் ஊரில் ஒரு செபஸ்தியார் கோவில் உண்டு. வாந்திபேதியில் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த ஓராண்டில், மிஞ்சியவர்கள் நேர்ந்துகொண்டு கட்டியது. தாத்தாவின் தமக்கைமார் இருவர் அதில் போனார்கள். இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. இரபேல் கோவிலிலிருந்து அதே போர்ட்ஸ்மத் சாலையில் மேற்கே சிறிது நடந்தால் சீதிங் வெல்ஸ் என்னும் இடத்தில் பழைய நீரேற்று நிலையமும் வடிகட்டும் தொட்டிகளும் இருக்கின்றன. இலண்டனுக்குக் குடிநீர் விற்ற லாம்பெத் கம்பெனி 1852இல் நகரத்துக் கழிவு கலவாத இவ்விடத்துக்கு வந்து ஆற்றுநீரை எடுக்கலாயிற்று. மற்றொரு கம்பெனியோ நகரத்துள்ளேயே, சாக்கடை கலந்த பாட்டர்சீயில் நீரெடுத்தது. தென் இலண்டனின் ஒரே தெருவில், இந்த வீட்டுக்கு ஒரு கம்பெனி நீர், அடுத்த வீட்டுக்கு மறு கம்பெனி நீர். 1854இல் காலரா கண்டபோது ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் வீடு வீடாகச் சென்று, எந்த வீட்டுக்கு எவர் நீர் என்று கேட்டுக் கணக்கெடுத்தார். முதல் ஏழு வாரத்தில், பாட்டர்சீ நீர் குடித்த 10,000 வீடுகளுக்கு 315 சாவு. சர்பிட்டன் நீர் குடித்த 10,000 வீடுகளுக்கு 37. காற்றால் வருகிறது என்று மருத்துவர்கள் நம்பிய நோய் தண்ணீரால் வருகிறதென்பதற்கு அது பெருஞ்சான்று. அத்தொட்டிகளின் ஓரத்தில் அன்று வெகுநேரம் நின்றேன். தாத்தாவின் தமக்கைமாருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுவாரம் பேரனை அழைத்துக்கொண்டு சாதாரண நாளொன்றில் கோவிலுக்குப் போனேன். அவனுக்குத் தமிழ் புரியும். பேச்சில் ஆங்கிலம் பாதி கலக்கும். ரபேலின் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "தாத்தா, அப்ப அவருக்குச் சொந்த ஊர் மெட்ராஸா, இந்த ஊரா?" என்றான். நான் விடை தேடிக்கொண்டிருக்கையிலேயே, "எனக்கு இந்த ஊர்தான்" என்றும் சொன்னான். அதில் அடமில்லை. தன் வகுப்பின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னான். "அவர் இங்கேதான் இருக்கிறார்" என்று தரையைக் காட்டினேன். அவன் பயந்து காலைத் தூக்கிக்கொண்டான். இருவரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு முழுதாக வரவில்லை.

அன்றிரவு தோபித்து ஆகமத்தை எடுத்தேன். இரபேல் தூதர் தோபியாவைத் தொலைநாட்டுக்கு வழிநடத்துவதும், நாய் உடன் செல்வதும், தாய் அன்னா நாள்தோறும் வழியைப் பார்த்துக் காத்திருப்பதும், மகன் திரும்பிவந்து தந்தையின் கண்ணைத் திறப்பதும் சிறுவயது முதல் நான் அறிந்தவை. பயணத்துக்குப் போகிறவருக்கு நாம் சொல்லும் ஆறுதலும் அதுதான்: போனவன் வருவான். நான் எப்போதும் அவ்விடத்திலேயே புத்தகத்தை மூடியிருக்கிறேன் போலும். கடைசி அதிகாரத்தை அன்றுதான் கருத்தூன்றிப் படித்தேன். மரணப் படுக்கையில் தோபித்து மகனை அழைத்து, உன் தாயை என் பக்கத்தில் அடக்கம் செய், அதன்பின் இந்நகரில் தங்காதே, பிள்ளைகளோடு புறப்படு என்கிறார். தோபியாவும் தாயை அடக்கம் செய்துவிட்டு, மேதிய நாட்டில் மனைவியின் பெற்றோரிடம் போய், முதிர்ந்த வயதுவரை அங்கேயே வாழ்ந்து அங்கேயே சாகிறார். நினிவே அழியப்போகிறதென்பதால் அந்தத் தந்தை அப்படிச் சொன்னார். பொன்மலை நினிவே அன்று. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் எனக்குள் வாதாடினேன்.

அதற்கிடையில் ஒரு மாலை, மகளும் மருமகனும் அடுக்களையில் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. வாடகை ஏறிவிட்டது, நிலையத்துக்கு அருகிலேயே சிறு வீடொன்று வாங்க முன்பணம் போதவில்லை, அப்பாவிடம் கேட்கலாமா என்கிறார் மருமகன். "அப்பாவிடம் வேண்டாம். மாடியைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்கிறார்" என்கிறாள் மகள். திறந்து வைத்திருக்கவில்லை, பூட்டித்தான் வைத்திருக்கிறேன் என்று உள்ளே போய்ச் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

புதுநன்மை நாள் வந்தது. வெள்ளை உடுப்பில் பேரன் கைகூப்பி நின்றான். கால்கள் நிற்கும் தரையை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். விருந்து முடிந்து எல்லாரும் போனபின் மகளிடம், "மாடியை வாடகைக்கு விட்டுவிடலாமென்று இருக்கிறேன். ஊருக்குப் போனதும் முன்பணத்துக்கு என்னால் ஆனதை அனுப்புகிறேன்" என்றேன். அவள் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டேயிருந்தாள். வெகுநேரம் கழித்து, "அம்மாவின் பீரோவை என்ன செய்வீர்கள் அப்பா?" என்று கேட்டாள். கீழே என் அறைக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்றேன்.

இப்போது மாடியில் பொன்மலைப் பணிமனையில் வேலை பார்க்கும் ஒருவர் குடியிருக்கிறார். இரண்டு பெண் குழந்தைகள். காலையில் பணிமனைச் சங்கு ஊதியதும், அவர் படியிறங்கிப் போகும் ஓசையும், பின்னாலேயே குழந்தைகள் கேட்டு வரை ஓடிவந்து கையசைத்துத் திரும்பும் ஓசையும் என் அறைக்குக் கேட்கின்றன.